அடுப்புக் கையுறை போட்ட தலைவர்

போன வாரம் மார்லிஸ் டெலிபோனை டொக்கென்று வைத்துவிட்டு, சமையலறை நடுவில் நின்றபடி இரண்டு கையையும் படபடவென்று தட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? அக்காவோடு மறுபடியும் சண்டை முற்றிவிட்டது என்று நினைத்தவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடலாம். அது சந்தோஷத்தில் தட்டியது. அக்கா வெர்னா கம்ப்யூட்டர் கிளப் கூட்டத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டாள்.

ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு நிபந்தனை.

"அந்த மனுஷன் கை என் மவுஸ் மேல பட்டுதுன்னா, அந்த நிமிஷமே எழுந்து கிளம்பிடுவேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கும் என்னை எதிர்பார்க்காதே, கிறிஸ்மஸுக்கும் எதிர்பார்க்காதே."

அந்த மனுஷன் வேறு யாருமில்லை. மார்லிஸின் கணவன் ஆர்விட் ஹால்வர்சன்தான். டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறி, ஒயர் இழுத்து, ஓய்வு பெற்றவன். ஆல்டர் ஃபால்ஸ் ஊர்க் கம்ப்யூட்டர் கிளப்புக்கு அதன் பிறந்த நாளிலிருந்து தலைவன். நல்லவன். உதவி செய்வதில் மன்னன். அந்த உதவியைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெர்னாவின் ஒரே மகள் கிர்ஸ்டன் அலாஸ்காவில், கோடியாக் தீவில், கடலோரக் காவல் படையில் இருக்கிறாள். அப்பா லெனர்ட் இறந்ததற்கு வந்தவள், அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் வரவில்லை. அவள் எழுதும் மெயில் ஆர்விட்டின் கம்ப்யூட்டருக்குத்தான் வரும். ஆர்விட் அதை அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உருளைக்கிழங்கு சுற்றி வரும்போது எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பான். வெர்னா பதில் சொல்லச் சொல்ல அவனே தட்டி அனுப்புவான். நடுவில் தன் கருத்தையும் இரண்டு வரி சேர்ப்பான்.

"எம் பொண்ணு எனக்கு வானிலை அறிக்கை எழுதறா மார்லிஸ். காத்து அடிக்குது, மழை பெய்யுது, சாப்பாடு பரவாயில்லைன்னு. ஏன் தெரியுமா? படிக்கிறது உன் புருஷன்னு அவளுக்குத் தெரியும்."

நூலகத்தில் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இலவசமாக மெயில் முகவரி கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், வெர்னா போன மாதம் அங்கே நடக்கும் கிளப் கூட்டத்துக்கு வந்தாள். அங்கே நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. கிளப் வழக்கப்படி ஒவ்வொருவரும் எழுந்து பெயரைச் சொல்லி, தன் கம்ப்யூட்டரின் வேகத்தையும் நினைவகத்தையும் சொன்னார்கள். வெர்னாவின் முறை வந்தது. "என் பேரு வெர்னா. எங்கிட்ட ஒரு ப்யூக் காரும் ஒரு கெட்டுப்போன முழங்காலும் இருக்கு" என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மெயிலை எப்படித் திறப்பது என்று கேட்டாள். ஆர்விட்டும் கோர்டி பெல்ட்டோவும் எந்த மெயில் புரோகிராம் உசத்தி என்று காப்பி ஆறிப்போகும்வரை மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஆர்விட் எழுந்து வந்து, அவள் கைக்கடியிலிருந்து மவுஸை உருவி, டக் டக் டக்கென்று நாலு தட்டுத் தட்டி, "பாத்தியா? எவ்வளவு சுலபம்!" என்றான்.

"எது சுலபம்? நீ பண்றதைப் பாக்கறதா?" என்று கோட்டை எடுத்தவள்தான். அன்று புதிதாக வந்திருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். அதுவரை கிளப்பில் காப்பி ஊற்றுவதற்கு மட்டும் எழுந்திருக்கிற மார்லிஸ், அன்று வாயைத் திறந்து எல்லோரையும் ஒரு வாங்கு வாங்கினாள். அதன் பலன், அடுத்த கூட்டத்தை அவளே நடத்த வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

அந்த அடுத்த கூட்டம் இன்றைக்கு. சனிக்கிழமை காலை.

*

வெளியே பிப்ரவரிக் குளிர். காரின் எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க ராத்திரி முழுக்க அதைச் சூடாக்கும் ஒயரைக் கரண்டில் செருகி வைத்திருந்தார்கள். உள்ளே ஓட்ஸும் பேரீச்சம்பழமும் போட்ட கேக் அடுப்பில் மணந்துகொண்டிருந்தது.

ஆர்விட் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையில் ஒட்டிக்கொள்ளும் பெயர்ச்சீட்டுகளை அச்சிட்டுக்கொண்டிருந்தான். கிளப்காரர்களுக்குக் கறுப்பு எழுத்து. சில சீட்டுகளில் மட்டும் பெரிய சிவப்பு எழுத்தில் 'புதியவர்' என்று வந்து விழுந்தது.

"இது என்ன?" என்றாள் மார்லிஸ்.

"புதுசா வர்றவங்களை நாங்க அடையாளம் கண்டுபிடிச்சு உதவி செய்ய வேண்டாமா? நீதானே அன்பா நடந்துக்கணும்னு சொன்னே?"

"சீக்கு வந்த கோழிக்குச் சாயம் பூசற மாதிரி இருக்கு. வெர்னா நெத்தியில கொண்டுபோய் ஒட்டுவியா இதை?"

ஆர்விட் யோசித்துப் பார்த்தான். வெர்னாவின் நெற்றியை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சிவப்புச் சீட்டுகளைச் சத்தமில்லாமல் குப்பைத் தொட்டியில் போட்டான்.

"வெறும் பேரு போதும். எல்லாருக்கும் ஒரே கறுப்பு. அப்புறம், நீ மவுஸைத் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டே நிக்கறேன். போதுமா? என்னை என்னன்னு நெனச்சே?"

மார்லிஸ் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "சரி, இப்ப ஒத்திகை. நான்தான் வெர்னா. எனக்கு மெயிலைத் திறக்கக் கத்துக்குடு."

ஆர்விட் பின்னால் வந்து நின்றான். கை பாக்கெட்டில் இருந்தது. "இடது பக்கம் மேல ஒரு சின்னப் படம் இருக்கு பாரு. கடித உறை மாதிரி. அதுமேல அம்பைக் கொண்டுபோ."

மார்லிஸ் கொண்டுபோனாள். வேண்டுமென்றே மெதுவாகத்தான். அம்பு கொஞ்சம் கீழே இறங்கியது, அப்புறம் வலது பக்கம் சாய்ந்தது.

"மேல... இன்னும் மேல... ஐயோ, அது இல்ல. மேலன்னா மேல மார்லிஸ். நகரு, நகரு..."

மவுஸ் ஆர்விட்டின் கையில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று அவனுக்கே புரியவில்லை. கையைப் பார்த்தான், பாக்கெட்டைப் பார்த்தான், அசடு வழியச் சிரித்தான்.

மார்லிஸுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இந்தக் கை இன்னும் ஒரு மணி நேரத்தில் வெர்னாவின் பக்கத்தில் இருக்கப்போகிறது. அக்காவுக்கும் தனக்கும் இடையில் இப்போது மிச்சம் இருப்பது இந்த ஒரு கூட்டம்தான். இது கெட்டால் கிர்ஸ்டனின் வானிலை அறிக்கையே கதி. வெர்னா அந்தப் பனி மூடிய வீட்டில் தனியாகக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் ஒரு தடவை சாத்தினால் லேசில் திறக்கிறவளும் இல்லை.

அப்போது அடுப்பு மணி அடித்தது. கேக்கை வெளியே எடுக்க மார்லிஸ் கையுறைகளை மாட்டினாள். சிவப்புக் கட்டம் போட்ட தடித்த பஞ்சுக் கையுறைகள், ஒன்றில் ஓரம் கருகியிருந்தது. தட்டைக் கீழே வைத்தவள் அப்படியே நின்றாள். கையுறை போட்ட தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரல் ஒரு பக்கம், மற்ற நாலு விரலும் ஒரே பைக்குள்.

"ஆர்விட், இங்க வா. கையை நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுன்னா நீட்டு."

மாட்டிவிட்டாள். "இப்ப அந்த மவுஸைக் க்ளிக் பண்ணு பார்க்கலாம்."

ஆர்விட் முயன்று பார்த்தான். மவுஸ் நழுவி மேஜையிலிருந்து விழுந்து ஒயரில் தொங்கியது.

"மார்லிஸ், நான் கிளப்புக்குத் தலைவன்."

"தெரியும். தலைவருக்கு முதல் ஜோடி. மத்தவங்களுக்குச் சர்ச் சமையலறையில ஒரு டப்பா நிறைய இருக்கு. போற வழியில எடுத்துக்கலாம்."

*

நூலகத்தின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வழக்கமாக மேடை மாதிரி முன்னால் இருக்கும் மேஜையை மார்லிஸ் சுவரோரம் தள்ளிவிட்டாள். உள்ளே வருகிறவர்களை வாசலிலேயே பிடித்து, காப்பி கொடுத்து, பெயர் கேட்டு, புதியவர் பக்கத்தில் ஒரு பழையவர் என்று உட்கார வைத்தாள். போன மாதம் நழுவிய இரண்டு பேரை போனில் கூப்பிட்டுக் கெஞ்சி வரவழைத்திருந்தாள். பால் பண்ணை எல்ராய் பியோர்க்லண்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலுக்கு அருகே இருந்த நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

வெர்னா கடைசியாக வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆர்விட்டைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

"காப்பி?" என்றாள் மார்லிஸ்.

"இருக்கப்போறேனான்னு தெரியல. அப்புறம் பாக்கலாம்."

மார்லிஸ் வட்டத்தின் நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினாள். அவள் வாயைத் திறக்கும் முன்னால் கோர்டி பெல்ட்டோ பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். "கோர்டி பெல்ட்டோ. பென்டியம் நூத்தி அறுபத்தாறு, முப்பத்திரண்டு மெகா..."

வெர்னாவின் கை கைப்பையின் பிடியை இறுக்கியது. எல்ராய் அந்தப் பாதி நாற்காலியிலிருந்தும் எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"உக்காருங்க கோர்டி!" மார்லிஸின் குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. "இன்னைக்கு மெஷினைப் பத்தி யாரும் சொல்ல வேண்டாம். கம்ப்யூட்டர் வாங்கின புதுசுல நீங்க பண்ணின பெரிய முட்டாள்தனம் எது? பேரைச் சொல்லிட்டு அதைச் சொல்லுங்க. பழைய ஆளுங்க முதல்ல."

பழைய ஆட்கள் அத்தனை பேரும் தங்கள் பனிக்கால ஷூவை ஆராய்ந்தார்கள். ஒருவர் காப்பியை ஊதினார், அது ஏற்கெனவே ஆறிப்போனது.

"எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் வரல" என்றார் கோர்டி. "எடுத்தவுடனேயே பிடிபட்டுடுச்சு."

வெர்னா எழுந்தாள். "பாத்தியா மார்லிஸ்? இங்க யாருமே பொறந்ததுலேருந்து தப்புப் பண்ணினது இல்ல. எனக்குக் கோவம் எல்லாம் இல்லம்மா. நீ நல்லாத்தான் முயற்சி பண்ணினே. நான் வர்றேன்."

மார்லிஸ் ஆர்விட்டைப் பார்த்தாள். ஆர்விட் கையுறை போட்ட இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

"அந்த அறுவடை விருந்து" என்றான் ஆர்விட்.

வெர்னா கதவுப் பிடியில் கை வைத்தவள் நின்றாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி சர்ச் அறுவடை விருந்துக்கு எல்லா முகவரியையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருந்தேனே. இடி இடிச்சு, மின்சாரம் போய், எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னு சொன்னேன் இல்லையா..." அவன் மூச்சை இழுத்துவிட்டான். "அன்னைக்கு இடியும் இல்ல, மின்னலும் இல்ல. டிஸ்க்கைச் சுத்தம் பண்றேன்னு நானே மொத்தத்தையும் அழிச்சிட்டேன். நிச்சயமா அழிக்கட்டுமான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. ஆமான்னேன். மறுபடியும் கேட்டுச்சு. மறுபடியும் ஆமான்னேன்."

மார்லிஸுக்குக் கூட்டம் நடத்துவதே மறந்துபோயிற்று. "ஆர்விட் ஹால்வர்சன்! அந்த வாரம் பூரா நானும் வெர்னாவும் உக்காந்து ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் உறை எழுதினோம்! கையால!"

"தெரியும்."

"உறை ஒட்டி ஒட்டி என் நாக்கு ரெண்டு நாள் சாப்பாட்டு ருசியே தெரியாமக் கெடந்துச்சு!" என்றாள் வெர்னா.

"அதுவும் தெரியும்."

"இடி இடிச்சுதுன்னு பாதிரியார்கிட்டயே சொன்னியே, படுபாவி!"

"ஆமா. அவரும் அந்த இடியைக் கேட்டேன்னாரு."

முதலில் சிரித்தது எல்ராய். பெரிய உடம்பு, சிரிப்பும் பெரிது. அப்புறம் அறையே குலுங்கியது. வெர்னா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடித்தாள். பிறகு கதவிலேயே சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"சரி, சரி" என்று கோர்டி கையைத் தூக்கினார். "புதுசா வாங்கின கம்ப்யூட்டர்ல திரை இருட்டாவே இருக்குன்னு, டுலூத்ல இருக்கற கடை வரைக்கும் பனியில வண்டி ஓட்டிக்கிட்டுத் தூக்கிட்டுப் போனேன். அந்தக் கடைப் பொண்ணு ஒரு விரலால ஒரு திருகைத் திருப்பிச்சு. வெளிச்சம் வந்துடுச்சு. திரும்பி வர்ற வழியெல்லாம் நான் ரேடியோகூடப் போடல."

அதற்குப் பிறகு பழைய ஆட்களை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது. ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு சொன்னார்கள். கடைசியில் எல்ராய் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தைரியமாகக் கேட்டார். "மாட்டுக்குப் பேரு வைக்கற மாதிரி கம்ப்யூட்டர்ல எழுதி வெக்கறதுக்கெல்லாம் பேரு வைக்கணும்னாங்க. வெச்சேன். இப்ப ஒரு மாடும் கொட்டாய்ல காணோம். எங்க தேடறது?"

"அதைத்தான் இப்ப பாக்கப்போறோம்" என்று மார்லிஸ் டப்பாவைத் திறந்தாள். "யாருக்குத் தெரியுமோ அவங்களுக்குக் கையுறை. யாருக்குத் தெரியாதோ அவங்களுக்கு மவுஸ். வாயால மட்டும்தான் சொல்லிக்குடுக்கணும். எது உசத்தின்னு சண்டை போடறவங்க கார் நிறுத்தற இடத்துல போய்ப் போட்டுக்கலாம்."

வெளியே இருந்த குளிருக்கு யாரும் சண்டை போடத் தயாராக இல்லை. கோர்டிக்குக் கோழிப் படம் போட்ட கையுறை கிடைத்தது.

வெர்னா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். மார்லிஸ் ஒரு பொறுமையான ஆளாகப் பார்த்து அவளுக்கு ஜோடி சேர்க்க நினைத்தாள். வெர்னா ஒப்புக்கொள்ளவில்லை.

"எனக்கு ஆர்விட்தான் வேணும்."

"வெர்னா, வேண்டாமே..."

"என் நாக்குக்கு அவன் பதில் சொல்லியாகணும்."

*

அந்த அரை மணி நேரம் ஆர்விட் பட்ட பாடு இருக்கிறதே, கம்பத்தின் உச்சியில் பனிப்புயலில்கூட அவன் பட்டிருக்க மாட்டான்.

"அதை அமுக்கு."

"எதை?"

"அந்த... அது இருக்கே, அங்க."

"அங்கன்னா எங்க? என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு அங்கன்னா எனக்கு என்ன தெரியும்?"

ஆர்விட் வாயை மூடினான். இத்தனை வருடமாகக் கையால் சொன்னதை வாயால் சொல்ல வார்த்தை தேடினான். "திரையில இடது பக்கம், மேல் மூலையில, வெள்ளை உறை. தெரியுதா?"

"தெரியுது. ஆனா மேஜை முடிஞ்சுபோச்சே."

வெர்னா மவுஸை மேஜையின் ஓரம்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டாள். இன்னும் ஒரு விரல் அகலம் போனால் கீழே விழும். அம்போ நடுவழியில் நின்றது. ஆர்விட்டின் வலது கையுறை அனிச்சையாக மேலே எழும்பியது. மார்லிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கையுறை பாதி வழியில் நின்றது, அப்படியே திரும்பிப் போய் அவன் கக்கத்தில் செருகிக்கொண்டது.

"தூக்கு" என்றான் கரகரத்த குரலில். "மவுஸை மேஜையிலேருந்து தூக்கி, மறுபடியும் நடுவுல வை. தூக்கினா அம்பு நகராது. பயப்படாதே."

வெர்னா தூக்கி வைத்தாள். அம்பு உறைமேல் போய் நின்றது. தட்டினாள். திறந்தது.

"திறந்துடுச்சு!"

"நீதான் திறந்தே" என்றான் ஆர்விட். அவனுக்கே ஆச்சரியம்.

"இப்ப திரும்பி நில்லு. நான் எழுதணும்."

ஆர்விட் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றான். வெர்னா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினாள். வெகுநேரம் கழித்து, "மார்லிஸ், கேள்விக்குறி எங்கடி இருக்கு?" என்றாள். பள்ளி அலுவலகத்தில் டைப் அடித்த பழக்கத்தில் மார்லிஸ் அதைக் காட்டக் குனிந்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கடைசி வரி கண்ணில் பட்டுவிட்டது.

'இனிமே இதை நான் மட்டும்தான் படிப்பேன். உண்மையாச் சொல்லு, எப்படி இருக்கே'

மார்லிஸ் கேள்விக்குறியைக் காட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

வெர்னா அதைத் தட்டிய நேரம் பார்த்துத் திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி குதித்தது. இணைப்பு அறுந்துவிட்டதாம்.

வெர்னா கையை உதறி எடுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. "உடைச்சிட்டேன்! நான் சொன்னேன் இல்ல, எனக்கு இதெல்லாம் வராதுன்னு! எழுதினது எல்லாம் போச்சு!"

ஆர்விட் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "திரையில என்ன எழுதியிருக்கு? அப்படியே படி."

வெர்னா படித்தாள்.

"நீ ஒண்ணும் உடைக்கல. இந்தக் கட்டடத்துக்கே ஒரே டெலிபோன் லைன், மெயிலும் அதுலதான் போகுது. மேல யாரோ போனை எடுத்துட்டாங்க. நீ எழுதினது பெட்டிக்குப் பின்னாடி பத்திரமா இருக்கும். சரின்னு இருக்கற இடத்தைத் தட்டு, மறுபடியும் இணைக்கச் சொல்லிக் கேக்கும். நீயும் மார்லிஸும் பாத்துக்குங்க."

"நீ எங்க போறே?" என்றாள் மார்லிஸ்.

"போனுக்குக் காவல் நிக்க."

கையுறையோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். மேலே நூலகர் பெர்னடீனின் குரல் கேட்டது. "ஆர்விட், கையில என்ன இது? ஏன் என் போன் முன்னாடி நிக்கறீங்க?" ஆர்விட்டின் குரலும் கேட்டது. "பெர்னடீன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கொஞ்ச நேரம் யாரோடயும் பேசாதீங்க."

கீழே அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தட்டட்டுமா?" என்றாள் வெர்னா.

"தட்டு. போனாப் போகட்டும்."

தட்டினாள். மோடம் கீச்சிட்டது, உறுமியது, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஓலமிட்டு அடங்கியது. பெட்டி மறைந்தது. எழுதியது அத்தனையும் கேள்விக்குறியோடு அங்கேயே இருந்தது. வெர்னா மவுஸை ஒரு தடவை தூக்கி வைத்தாள், அம்பைக் கொண்டுபோனாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டினாள்.

போய்விட்டது.

"போயிடுச்சு" என்றாள் வெர்னா நம்ப முடியாமல். "அலாஸ்காவுக்கு."

அதற்கப்புறம்தான் அவள் காப்பி கேட்டாள். கேக்கில் ஓரத் துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். எல்ராயின் மாடுகள் வேறொரு கொட்டகையில் கண்டுபிடிக்கப்பட்டன. அடுத்த மாதம் மனைவியையும் அழைத்து வரலாமா என்று அவர் கேட்டபோது, கோர்டி கோழிக் கையுறையால் அவர் முதுகில் தட்டினார். மேலே ஆர்விட் இன்னும் காவல் நின்றுகொண்டிருந்தான்.

வெர்னா திரையைவிட்டு நகரவில்லை. "அங்க இப்பதான் விடிஞ்சிருக்கும். வேலைக்கு வந்ததும் முதல்ல மெயிலைத்தான் பார்ப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாற்காலிகளை மடக்க ஆரம்பித்த நேரத்தில் கம்ப்யூட்டர் டிங் என்றது.

ஆர்விட் அப்போதுதான் படி இறங்கி வந்து வெர்னாவின் பின்னால் நின்றிருந்தான். திரையில் கிர்ஸ்டனின் பெயர் வந்து விழுந்ததை அவனும் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். கழுத்து முன்னால் நீண்டது, வாசிப்பதற்காக வாயும் திறந்தது. மார்லிஸ் ஐயோ என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

ஆர்விட் வாயை மூடினான். கருகிய ஓரம் உள்ள கையுறையையும் கருகாத கையுறையையும் தூக்கி, தன் கண்கள் இரண்டையும் தானே பொத்திக்கொண்டான்.

"நான் பாக்கல. நீ படி."

வெர்னா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி, உதடு அசைய அசைய, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். பாதியில் அவள் தோள் குலுங்கியது.

"வெர்னா? என்ன ஆச்சு?"

திரும்பியவளின் கன்னமெல்லாம் ஈரம். ஆனால் வாய் சிரித்தது. "வானிலையைப் பத்தி ஒரு வார்த்தை இல்லடி மார்லிஸ்! ஒரே ஒரு வார்த்தைகூட இல்ல!"

மார்லிஸ் அக்காவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதார்கள், கொஞ்ச நேரம் சிரித்தார்கள். அப்புறம் வெர்னா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தங்கையின் காதருகே குனிந்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை டுலூத் ஏர்போர்ட்டுக்கு என்கூட வா. கிர்ஸ்டனோட சேத்து ரெண்டு பேரு வர்றாங்க. ஆர்விட்கிட்ட மட்டும் மூச்சு விடாதே."

"ரெண்டு பேரா?"

ஆர்விட் அசையாமல் நின்றிருந்தான். சொன்ன சொல் தவறாமல் கண்ணைப் பொத்தியபடியேதான் நின்றான். காதைப் பொத்தச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"ரெண்டாவது ஆள் யாரு?" என்றது கையுறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.